எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் காட்சி பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் நெருங்க நெருங்க எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவைப் பற்றியதாகவே இருக்கும். லண்டனில் வேலை பார்க்கும் தம்பி முறையினர், மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள், மகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஆறு ஆகஸ்ட் மாதங்களில் அங்கே காட்சி காட்சியாகத் திரிந்தவன் என்ற உரிமையில், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஃப்ரிஞ்ச் என்றால் என்ன? எடின்பரோ சர்வதேச விழாவும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் இரண்டும் பிறந்த ஆண்டு ஒன்றுதான்: 1947. போரில் களைத்துப்போயிருந்த ஐரோப்பாவுக்குக் கலையால் புத்துயிரூட்ட எடின்பரோ சர்வதேச விழாவைத் தொடங்கினார்கள். அழைப்பு வந்தவர்களுக்குத்தான் அதில் மேடை. அந்த முதல் ஆண்டிலேயே எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமல் தாமாக வந்து, கிடைத்த கூடங்களில் நாடகம் போட்டன. அவற்றில் ஒன்று நடித்தது நகரத்துக்குள்கூட இல்லை. ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில் டன்ஃபெர்ம்லின் மடாலயத் தேவாலயத்தில். மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர், அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடக்கும் நாடகங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஃப்ரிஞ்ச். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

1958இல் ஃப்ரிஞ்ச் சங்கம் அமைந்தது. யார் மேடையேறலாம், யார் கூடாது என்று சங்கம் தீர்ப்புச் சொல்லாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை; இன்றுவரை அதை விடவில்லை. இடம் பிடித்து, கட்டணம் கட்டிப் பதிவு செய்கிற எவரும் ஆடலாம், பாடலாம், சிரிக்க வைக்கலாம். அப்படி வளர்ந்து வளர்ந்து, 2019ஆம் ஆண்டில் 323 இடங்களில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. முப்பது லட்சத்துக்கும் மேல் டிக்கெட்டுகள் போயின. 2020இல் கொரோனாவால் விழா நடக்கவில்லை. பிறகு மெல்ல மீண்டு வந்திருக்கிறது.

அதே மாதத்தில் கோட்டையின் முன்றிலில் ராணுவ இசை அணிவகுப்பு நடக்கும், புத்தக விழாவும் நடக்கும். அவற்றுக்கெல்லாம் டிக்கெட் தனி.

யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்றால் தரம் எப்படி இருக்கும்?

கலவையாகத்தான் இருக்கும். சில காட்சிகள் சோர்வு தரும். ஆனால் ஒரு குழு உட்கார்ந்து வடிகட்டியிருந்தால் உள்ளே வந்திருக்குமா என்று சந்தேகப்பட வைக்கும் அற்புதங்களும் இங்கேதான் முளைக்கின்றன. நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் தம் இருபதுகளில், பெரிதாக யாருக்கும் தெரியாதவராக இருந்தபோது, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வரும் இரண்டு துணைப் பாத்திரங்களை நாயகர்களாக்கி எழுதிய நாடகத்தை 1966இல் ஒரு மாணவர் குழு இங்கே முதலில் போட்டது. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனி ஒருவராக நின்று நடித்த ‘ஃப்ளீபேக்’ 2013இல் கௌகேட் தெருவின் நிலவறை ஒன்றில் அரங்கேறியது. தொலைக்காட்சித் தொடரானதெல்லாம் பிறகு. அந்த முதல் வாரங்களில் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எந்த உத்தரவாதமும் இல்லாமல் டிக்கெட் வாங்கியவர்கள்.

எந்த வாரம் போவது நல்லது?

விழா ஏறத்தாழ மூன்றரை வாரம். முதல் இரண்டு மூன்று நாட்கள் முன்னோட்டக் காட்சிகள்: விலை குறைவு, கலைஞர்கள் இன்னும் மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் திங்களும் செவ்வாயும் பல காட்சிகளுக்கு ஒரு டிக்கெட் விலையில் இருவர் போகலாம். சிக்கனமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல நாட்கள் இல்லை.

கடைசி வாரத்தில் நகைச்சுவை விருதுக்கான இறுதிப் பட்டியல் வெளியாகும். 1981இல் தொடங்கிய விருது இது. முதல் ஆண்டு வென்ற கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவில் எம்மா தாம்சனும் ஸ்டீஃபன் ஃப்ரையும் ஹியூ லாரியும் இருந்தார்கள். பட்டியலில் பெயர் வந்த காட்சிக்கு அதன்பின் டிக்கெட் கிடைப்பது அரிது. இறுதி நாட்களில் கலைஞர்களின் குரல் கம்மியிருக்கும், கண்களில் தூக்கம் இருக்கும். ஆனால் காட்சி இருபது முறை ஆடிப் பழுத்திருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாம் வாரத்தின் நடுவில், வார நாட்களில் போங்கள். சனிக்கிழமை விலையும் அதிகம், நெரிசலும் அதிகம்.

டிக்கெட் எங்கே வாங்குவது? எவ்வளவு ஆகும்?

ஃப்ரிஞ்ச் சங்கத்தின் இணையதளத்திலும் செயலியிலும் எல்லா நிகழ்ச்சிகளும் இருக்கும். பிளெசன்ஸ், அசெம்பிளி, கில்டட் பலூன், அண்டர்பெல்லி போன்ற பெரிய அரங்கக் குழுமங்கள் தங்கள் தளங்களிலும் விற்கும். ஒரு தளத்தில் தீர்ந்துவிட்டது என்று காட்டினால் மற்றதையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவை 10 முதல் 20 பவுண்டுக்குள் இருக்கும். தொலைக்காட்சியில் பெயர் வாங்கியவர்கள் என்றால் அதற்கு மேலும் போகும். காட்சி ரத்தானால் பணம் திரும்பும். நீங்கள் போகாவிட்டால் பொதுவாகத் திரும்பாது.

இலவசக் காட்சிகள் உண்மையிலேயே இலவசமா?

உள்ளே போகக் காசில்லை. வெளியே வரும்போது வாளி இருக்கும். பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1996இல் தொடங்கி வைத்த வழக்கம் இது. கூடங்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் வாடகையைப் பார்த்து மனம் பொறுக்காமல், மதுக்கடைகளின் பின்னறைகளை வாடகையின்றிப் பிடித்து ஆட்டத்தை அங்கே நகர்த்தினார். இன்று இலவசக் காட்சிகள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன.

காட்சி முடிந்ததும் கலைஞரே வாளியோடு வாசலில் நிற்பார். அவருக்கு அன்றைய வருமானம் அதுதான். பிடித்திருந்தால் ஐந்து முதல் பத்து பவுண்டு போடுங்கள். கையில் நோட்டு இல்லை என்ற சங்கடம் வேண்டாம், பலர் கார்டு தேய்க்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே போட முடியாத மாணவர் என்றால் நன்றி சொல்லிவிட்டு, நண்பர்களுக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நழுவுவதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ராயல் மைல் தெருவில் வித்தை காட்டுகிறவர்களுக்கும் இதே கணக்கு. ஐந்தடி உயர ஒற்றைச்சக்கர வண்டியில் ஏறித் தீப்பந்தம் வீசுவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தொப்பி வரும் நேரத்தில் கலைந்து போகும் கூட்டத்தைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

மூவாயிரத்துக்கு மேல் நிகழ்ச்சிகள். எதைத் தேர்ந்தெடுப்பது?

நாளுக்கு ஒன்றை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், தவறவிடக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை. மீதி நேரத்தைத் திறந்து வையுங்கள். எல்லா மணிக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த என் நண்பர் ஒருவர், மூன்று நாளும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கழித்தார். மக்கள் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொண்டிருந்த ஒரு பொம்மலாட்டத்துக்கு அவரால் போக முடியவில்லை, அந்த நேரத்துக்கும் ஏற்கெனவே டிக்கெட் இருந்தது.

நட்சத்திர மதிப்பீடுகளைப் பார்க்கலாம், ஆனால் யார் கொடுத்தது என்றும் பாருங்கள். சுவரொட்டிகளில் ஐந்து நட்சத்திரம் ஒட்டாத காட்சியே இல்லை என்று தோன்றும். விமர்சகரின் சொற்களைப் படித்து, அவர் ரசித்தது நீங்கள் ரசிக்கிற வகையா என்று பார்ப்பது நல்லது. புதிய நாடகங்களுக்கு ஸ்காட்ஸ்மன் நாளிதழ் 1973 முதல் தரும் ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருதை நான் நம்புகிறேன். நாடகப் பிரியர்கள் டிராவர்ஸ் அரங்கையும் சம்மர்ஹாலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முன்னது புதிய நாடக எழுத்துக்குப் பெயர் போனது. பின்னது பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி, உடற்கூறு வகுப்பறையில்கூட நாடகம் நடந்திருக்கிறது. ஸ்டாண்ட்-அப் என்றால் ஆண்டு முழுவதும் நகைச்சுவைக்கென்றே இயங்கும் ‘தி ஸ்டாண்ட்’, ‘மங்கி பேரல்’ இரண்டையும் முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் “இதுவரை பார்த்ததில் எது பிடித்தது?” என்று கேட்பது. அந்த ஊரில் அந்த மாதத்தில் அந்தக் கேள்விக்கு முகம் சுளித்தவரை நான் கண்டதில்லை.

தெருவில் துண்டுச்சீட்டு நீட்டுகிறார்களே, வாங்க வேண்டுமா?

வாங்குங்கள், இரண்டு நிமிடம் பேசுங்கள். நீட்டுகிறவர் பல நேரங்களில் கலைஞரேதான். அவர் பேசுகிற விதத்திலேயே காட்சி உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

ஒரு நாளில் எத்தனை காட்சி பார்க்கலாம்?

காலை பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் காட்சிகள் இருக்கும். பெரும்பாலானவை ஐம்பது நிமிடம் அல்லது ஒரு மணி நேரம், இடைவேளை கிடையாது. ஆறு ஏழு பார்ப்பவர்கள் உண்டு. நான்கு போதும் என்பது என் கருத்து. ஐந்தாவதில் எந்த நகைச்சுவையும் காதில் ஏறாது. பாவம், அந்தக் கலைஞர் நம் களைத்த முகத்தைப் பார்த்துத் தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு காட்சிகளுக்கு இடையே குறைந்தது நாற்பது நிமிடம் விடுங்கள். இரண்டும் ஒரே கட்டடம் என்றால் இருபது போதும்.

பத்து நிமிடம் தாமதமாகப் போனால் உள்ளே விடுவார்களா?

பெரும்பாலும் விட மாட்டார்கள். சபா கச்சேரியில் இரண்டு பாட்டு முடிந்து நுழைகிற பழக்கம் இங்கே உதவாது. ஒரே அறையில் காலை முதல் இரவு வரை எட்டுப் பத்துக் குழுக்கள் அடுத்தடுத்து ஆடுகின்றன. ஒரு குழு அரங்கப் பொருட்களை அள்ளிக்கொண்டு வெளியேறி, அடுத்த குழு விளக்கும் ஒலியும் சரிபார்த்து, பார்வையாளர் உட்கார எல்லாவற்றுக்கும் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். குறித்த நேரத்தில் கதவு மூடும். சிறிய அறையில் மேடைக்குக் குறுக்கே நடந்துதான் இருக்கைக்குப் போக முடியும் என்பதால், தாமதமாக வருகிறவர் காட்சியையே உடைத்துவிடுவார்.

இந்த ஊரில் தாமதமாவதற்கு இன்னொரு காரணம் நில அமைப்பு. பழைய நகரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டது. வரைபடத்தில் கௌகேட் தெருவும் நான்காம் ஜார்ஜ் பாலமும் குறுக்கே வெட்டிக்கொள்வது போலத் தெரியும். நேரில் ஒன்று மேலே, ஒன்று பல மாடி கீழே. என் முதல் ஆண்டில் கைப்பேசி “வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்று சொன்ன இடத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரங்கத்தின் வாசல் நேர் கீழே தெரிந்தது. இறங்கும் வழியைக் கண்டுபிடித்து ஓடுவதற்குள் கதவை மூடிவிட்டார்கள். ஆகவே கௌகேட்டில் காட்சி என்றால் பாலத்தின் மேலே போகாதீர்கள். கிராஸ்மார்க்கெட் பக்கமிருந்து தெருவிலேயே நடந்து வாருங்கள்.

பிளெசன்ஸ் முற்றத்திலிருந்து பிரிஸ்டோ சதுக்கத்துக்கு வேகமாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து புதிய நகரத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரீட் என்றால் அரை மணி என்றே கணக்கு வையுங்கள். ராயல் மைல் வழியாகப் போனால் நெரிசலில் சிக்குவீர்கள். ‘பிளெசன்ஸ் கோர்ட்யார்டு’ வேறு, ‘பிளெசன்ஸ் டோம்’ வேறு. டிக்கெட்டில் கட்டடத்தின் பெயரை முழுவதும் படியுங்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் நம்மை வம்புக்கு இழுப்பார்களா?

ஸ்டாண்ட்-அப் காட்சியில் பெயரும் ஊரும் தொழிலும் கேட்பார்கள். சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். வேடிக்கையாகச் சொல்ல முயல வேண்டியதில்லை, அது அவர் வேலை. கூச்சமுள்ளவர்கள் மூன்றாம் வரிசைக்குப் பின்னால், நடுவில் உட்காருங்கள். ஆனால் எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்து முன்னால் காலியாகக் கிடக்கும் அறையில் சிரிப்பு எழுவது கடினம் என்பதையும் மனத்தில் வையுங்கள். அழைக்கப்படாமல் குறுக்கே கத்துவது கூடாது.

அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

கிளாஸ்கோக்காரர் வேகமெடுத்தால் எனக்கு இன்றும் நான்கில் ஒரு வார்த்தை தப்பும். பிரிட்டனின் அரசியலையும் தொலைக்காட்சியையும் வைத்துச் சொல்லும் நகைச்சுவை சிலது தலைக்கு மேல் போகும். அதனால் காட்சியே வீணாகாது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் மொழி தேவைப்படாதவற்றைத் தேடலாம்: மெடோஸ் பூங்காவில் கூடாரமடித்து நடக்கும் சர்க்கஸ், கிராஸ்மார்க்கெட்டில் டான்ஸ் பேஸ் என்ற நடன மையத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள், கோமாளி வகை நடிப்பு, பொம்மலாட்டம். உலகின் பல நாடுகளிலிருந்து குழுக்கள் வருவதால் பேச்சில்லாத காட்சிகளுக்குக் குறைவில்லை.

அறையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தால்? எழுந்து வந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

தயவுசெய்து எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தக் கலைஞர் அரங்க வாடகை, பதிவுக் கட்டணம், ஒரு மாத வீட்டு வாடகை, துண்டுச்சீட்டு அச்சுச் செலவு எல்லாவற்றையும் தன் சேமிப்பிலிருந்து போட்டிருப்பார். வசூலில் அரங்கத்துக்கும் கணிசமான பங்கு போகும். கடனோடு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். காலையில் மழையில் நின்று முந்நூறு பேரிடம் சீட்டுக் கொடுத்திருப்பார், அதில் வந்தவர்கள் அந்த ஏழு பேர்.

ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்கு, நாங்கள் ஐந்து பேர் மட்டும் இருந்த அறையில் ஒரு பெண் தன் தந்தையின் மறதி நோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி நடித்தார். ஐந்தில் இரண்டு பேர் முன்பின் அறியாத முதியவர்கள், கணவன் மனைவி. முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் சங்கடம். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு அந்த முதியவர் சிரித்தார். அவர் சிரித்ததும் நாங்களும் சிரித்தோம். முடியும்போது அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார், நடித்த பெண் மேடையிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் பேர் அமர்ந்த அரங்குகளில் நான் பார்த்த பெரிய பெயர்கள் பலவும் மறந்துவிட்டன. அந்தப் பிற்பகல் மறக்கவில்லை.

கூட்டம் குறைந்த அறையில் நீங்கள் செய்யக்கூடியது எளிது: முன்னால் வந்து உட்காருங்கள், சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். பத்தில் ஒரு பங்கு பார்வையாளர் நீங்கள். உங்கள் முகம் மேடைக்குத் தெரியும்.

காட்சி நிஜமாகவே தாங்க முடியவில்லை என்றால்?

உடல்நலக் குறைவு, மனத்தைப் புண்படுத்தும் உள்ளடக்கம் என்றால் தயங்காமல் எழுந்து போகலாம். சுமாராக இருக்கிறது என்பதற்காகச் சிறிய அறையிலிருந்து எழ வேண்டாம். இன்னும் அரை மணிதான் இருக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நிகழ்ச்சிப் பட்டியலில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. பெரும்பாலும் காலையிலும் முற்பகலிலும் நடக்கும். மற்றவற்றுக்கு வயது வரம்பைக் கட்டாயம் பாருங்கள். இரவு நகைச்சுவைக் காட்சிகளில் பேச்சு மிக வெளிப்படையாக இருக்கும், பதினாறு வயது மகளோடு பெற்றோர் நெளிய நேரிடும்.

மாடிப்படி ஏற முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள்?

பழைய கட்டடங்கள், கல்பதித்த தெருக்கள், மேடு பள்ளம். சிரமம் உண்டுதான், ஆனாலும் வழி இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் பக்கத்திலும் படிகள் உண்டா, சக்கர நாற்காலி போகுமா என்று குறித்திருப்பார்கள். சைகை மொழி, எழுத்து வரிகள், ஒளியும் ஒலியும் மட்டுப்படுத்திய அமைதியான காட்சிகள் ஆகியவற்றையும் தேடிப் பிடிக்கலாம். உதவிக்கு ஒருவர் உடன் வரவேண்டும் என்றால் அவருக்குக் கட்டணமில்லாத டிக்கெட்டுக்குச் சங்கத்தின் உதவிப் பிரிவிடம் முன்கூட்டியே எழுதுங்கள். அக்கறையாகப் பதில் சொல்கிறார்கள்.

தங்குவதற்கு?

செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும். ஜனவரி, பிப்ரவரியிலேயே பாருங்கள். விடுமுறையில் காலியாகும் மாணவர் விடுதி அறைகள் ஓரளவு கட்டுப்படியாகும். கிளாஸ்கோவில் தங்கினால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும் என்பதால் பின்னிரவுக் காட்சிகளை மறந்துவிட வேண்டும். 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் இரவுத் தங்கலுக்கு 5 சதவீத வருகையாளர் வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கோடைதான், ஆனாலும் பகலில் 20 டிகிரியைத் தொட்டால் அதிகம். மழை எப்போது வேண்டுமானாலும் வரும். குடை அந்தக் காற்றில் நிற்காது. தலைமூடி வைத்த மழைச்சட்டை போதும். உள்ளே நிலைமை நேர்மாறு: சவுத் பிரிட்ஜ் பாலத்தின் வளைவுகளுக்கு அடியிலுள்ள நிலவறைகளில் அறுபது பேர் அடைந்து உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டும். கழற்றி மாட்ட வசதியாக அடுக்கடுக்காக அணியுங்கள். தண்ணீர்ப் புட்டி அவசியம். பழகிய காலணியில் வாருங்கள், அன்றே வாங்கிய புதுக் காலணி வேண்டாம்.

சைவ உணவு எளிதாகக் கிடைக்கும். காட்சி நேரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட நேரம் அமையாது என்பதால் பிற்பகல் நான்கு மணி வாக்கில், கூட்டம் வருமுன் சாப்பிட்டுவிடுங்கள்.

படம், காணொளி எடுக்கலாமா?

காட்சியின்போது கூடாது. அடுத்த ஆண்டுவரை அந்தக் கலைஞர் பிழைப்பு நடத்த வேண்டிய நகைச்சுவை அது. முடிந்து வணங்கும்போது பலரே எடுக்கச் சொல்வார்கள்.

காட்சி முடிந்தபின் கலைஞரிடம் பேசலாமா?

பேசுங்கள், ஆனால் வாசலுக்கு வெளியே. அறைக்குள் அடுத்த குழு காத்திருக்கும். எந்த இடம் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்; “நன்றாக இருந்தது” என்பதைவிட அது அவருக்கு நாளைய காட்சிக்கு உதவும். நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார். இவ்வளவு தூரத்திலிருந்தா என்று வியப்பார். பிறகு, “அடுத்து எதற்குப் போகிறீர்கள்? ஒன்று சொல்லட்டுமா?” என்று நண்பர் ஒருவரின் துண்டுச்சீட்டை உங்கள் கையில் வைப்பார். நேரமிருந்தால் நேரே அங்கே போங்கள்.